ஏரிக்கு வராதவள்

செத்துப்போன பெண்ணுக்கு ரவிக்கை தைக்கச் சொல்லித் துணி கொண்டுவந்த ஒரே ஆள் எங்கள் வீட்டுக்காரம்மா வேம்புலியம்மாள்தான். மஞ்சள் பட்டில் வெட்டிய துணி. என் தையல்கடை மேசைமேல் போட்டுவிட்டு, "சுதாவுக்கு தெச்சிரு ஷம்ஷாத்து" என்றாள். நான் மிஷினை நிறுத்திவிட்டு அவள் முகத்தைப் பார்த்தேன். புத்தி பேதலித்த முகமாகத் தெரியவில்லை. தண்ணீர் மோட்டார் ஏன் இவ்வளவு நேரம் ஓடுகிறது என்று கேட்க வரும் அதே முகம்தான்.

"எந்த சுதாவுக்கு?"

"நான் பெத்த சுதாவுக்கு. அவ அளவு ஜாக்கெட்டு உங்கிட்ட கீதுல்ல?"

இருந்தது. அலமாரியில் எல்லாத் துணிக்கும் அடியில் கிடந்தது. அவள் போனபிறகு அதைத் திருப்பிக் கொடுக்கவும் எனக்குக் கை வரவில்லை, தூக்கிப் போடவும் வரவில்லை. இத்தனை நாள் அது எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன்.

வேம்புலியக்காவைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் அவளை வெறும் பைத்தியம் என்று நினைத்துக்கொள்வீர்கள். பிறந்தது பாரிவாக்கம், வாழ்க்கைப்பட்டது அயனம்பாக்கம். ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். புருஷன் நிலத்தை விற்று இந்த மாடி வீட்டைக் கட்டினார், அதில் சரியாக ஒரு தீபாவளி கொண்டாடுவதற்குள் மஞ்சள்காமாலையில் போய்விட்டார். அக்கா அழுது முடித்த கையோடு மாடுகளை விற்று, தான் மாடிக்குப் போய், கீழ்வீட்டை வாடகைக்கு விட்டாள். மகள் சுதாவை வேலப்பன்சாவடியில் காலேஜ் படிக்கவைத்தாள். மகன் தமிழ்வாணனை அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு வேலையில் உட்காரவைத்தாள். தெருவில் ஒருத்தர் அவளை ஏமாற்றியதாகச் சரித்திரம் கிடையாது.

நானும் என் வீட்டுக்காரர் அப்துல் ஜப்பாரும் பூந்தமல்லியிலிருந்து வீடு தேடி அலைந்தபோது, எங்கள் பெயரைக் கேட்டதும் எல்லாத் தெருவிலும் ஒரே பொய்யைத்தான் சொன்னார்கள்: இப்போதுதான் ஒருத்தர் அட்வான்ஸ் கொடுத்துவிட்டுப் போனார். வேம்புலியக்கா மட்டும், "செவுத்துல ஆணி அடிப்பியா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். சாவியைக் கொடுத்துவிட்டாள். அந்த ஒரு கேள்விக்காகவே, அவளோடு எத்தனை சண்டை போட்டும் நான் வீட்டைக் காலி பண்ணவில்லை.

சுதாதான் அவளுக்கு அடங்காமல் போனாள். நிர்மல் என்று ஒரு பையன். ஆவடிக்காரன், ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. தங்கமான பிள்ளை. வேறு சாதி, அவன் செய்த குற்றம் அவ்வளவுதான். இரண்டு பேரும் ரிஜிஸ்டர் கல்யாணம் பண்ணிக்கொண்டு அக்காவுக்குப் போன் செய்தார்கள். அக்கா போட்ட கூச்சல் கீழே என் மிஷின் சத்தத்தையும் மீறிக் கேட்டது.

"இனிமே இந்த ஊட்டு வாசப்படிய நீ மிதிக்கக் கூடாது. அவனும் மிதிக்கக் கூடாது."

பிள்ளைகள் புதுச்சேரிக்குப் போனார்கள். கடல் தெரிகிற அடுக்குமாடியில் ஒரு ஃபிளாட்டை வாடகைக்கு எடுத்துத் தங்கினார்கள். அம்மா கோபம் ஆறுகிற வரைக்கும் அங்கே இருந்துவிட்டு வருகிறோம் என்று சுதா எனக்குச் செய்தி அனுப்பினாள். பால்கனியில் நின்று எடுத்த படமும் கூட வந்தது. மறுநாள் உச்சிவேளையில், முட்டி ஆழத் தண்ணீரில் நின்றவளை ஒரு அலை புரட்டி இழுத்துக்கொண்டு போய்விட்டது. நிர்மல் உள்ளே பாய்ந்திருக்கிறான். அவனை மீனவர்கள் இழுத்துப் போட்டார்கள், அவளை அலை சாயங்காலம் கொண்டுவந்து போட்டது.

வெளியே போன உயிரின் உடம்பை வீட்டுக்குள் கொண்டுபோகக் கூடாது என்பது அக்கா குடும்பத்து வழக்கம். ஆம்புலன்ஸ் வந்ததும் தெருவிலேயே பந்தல் போட்டுக் கிடத்தினார்கள். வாசற்படி அங்கேதான் இருந்தது, அவள் அதைத் தாண்டாமலே சுடுகாட்டுக்குப் போனாள். நிர்மலைச் சொந்தக்காரர்கள் தெருமுனையிலேயே நிறுத்திவிட்டார்கள். அவன் பெயரை அதற்குப் பிறகு அக்கா வாயால் சொன்னதே கிடையாது. "அவன்" என்பாள், அதையும் துப்புகிற மாதிரி.

மூன்று வருடம் போனது. தமிழ்வாணனுக்குப் பெண் அமைந்து ஆவணியில் முகூர்த்தம் வைத்தார்கள். அங்கேதான் வந்தது வினை. இந்தப் பக்கத்துப் பழங்குடும்பங்களில் ஒரு முறை உண்டு. வீட்டில் ஒரு பெண் செத்திருந்தால் அவளைப் பூவாடைக்காரி என்பார்கள். கல்யாணத்துக்கு முன்னால் நீர்நிலைக்குப் போய், பம்பை மேளம் அடித்து, அவளைப் பேர் சொல்லி அழைக்க வேண்டும். அவள் சொந்தத்தில் யார் மேலாவது இறங்கித் தன் குறையைச் சொல்லி, வருகிறேன் என்று ஒப்புக்கொள்வாள். சொம்புத் தண்ணீரில் அவளை வீட்டுக்கு அழைத்துவந்து, புதுத்துணி வைத்துக் கும்பிட்ட பிறகுதான் பந்தக்கால் நடலாம். அவள் வராமல் கல்யாணம் பண்ணினால் அந்தக் கல்யாணம் நிற்காது என்பார்கள்.

அக்கா வீட்டில் யார் செத்தாலும் அயனம்பாக்கம் ஏரியில்தான் அழைப்பார்கள். சுதாவையும் அங்கேதான் அழைத்தார்கள். அவள் வரவில்லை. மறுபடி ஒரு வெள்ளிக்கிழமை அழைத்தார்கள். அக்காவின் செத்துப்போன மாமியார் கிழவி யார் மேலோ வந்து வெற்றிலை கேட்டுவிட்டுப் போனாளாம், சுதா வரவில்லை. பம்பைக்காரர் சிவராமன் குச்சியைக் கீழே வைத்துவிட்டு, அக்காவிடம் பக்குவமாகச் சொல்லியிருக்கிறார்.

"கடல்ல போனவள ஏரியில கூப்ட்டா எப்டிம்மா வருவா? அவ கடசியா தங்கியிருந்த எடத்துல போய் கூப்புடுங்க. பம்பைகூட வாணாம், பெத்தவ கொரலு போதும். ஆனா தனியா போவாதீங்க. அவ வந்தா, யாரு, இன்னா கொறை, ஊட்டுக்கு வர்றியான்னு கேக்க கூட ஒரு ஆளு வோணும்."

அந்த ஆள் நானாம்.

"அக்கா, எங்க மார்க்கத்துல இதெல்லாம் கெடையாது" என்றேன்.

"உன்ன யாரு நம்பச் சொன்னா? கூட வந்து ஒக்காரு. சொந்தத்துல ஒருத்திய இட்டுகினு போனா, ஊரு பூரா தம்பட்டம் அடிச்சிருவா. தமிழு அந்தக் கடலு பக்கமே வரமாட்டேன்றான். உனக்குப் போன்ல ரூம் போடத் தெரியும்ல?"

எனக்குக் கோபம் வந்தது. அவள் கேட்ட விதத்துக்கு வந்த கோபம். ஆனால் அன்று சாயங்காலமே அளவு ஜாக்கெட்டை எடுத்துத் துணியை வெட்ட உட்கார்ந்துவிட்டேன். எந்த ஃபிளாட் என்று நிர்மலுக்குப் போன் செய்து கேட்டேன். அவன் ஏன் என்று கேட்கவில்லை. "அம்மா அங்க போறாங்களாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு, பெயரையும் மாடியையும் அனுப்பினான். செல்போனில் தேடினால் அதே பால்கனி, அதே வெள்ளைத் திரை. சுதா நின்ற இடம் காலியாக இருந்தது. என் வீட்டுக்காரர் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "போறதுன்னா போய்ட்டு வா. எதையும் கூட்டிகினு மட்டும் வந்துராத" என்றார்.

கிளாம்பாக்கத்தில் பஸ் ஏறிப் போனோம். சனிக்கிழமை ஆனதால் புதுச்சேரியில் கால் வைக்க இடமில்லை. சென்னையிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் வந்த கார்கள், தொப்பி போட்ட பெண்கள், மஞ்சள் சுவருக்கு முன்னால் வரிசையில் நின்று படம் எடுத்துக்கொள்கிற ஜோடிகள். அக்கா மடியில் சொம்பும் புடவையும் இருந்த பையை அணைத்துக்கொண்டு ஆட்டோவில் நேரே பார்த்தபடி வந்தாள். ஊருக்குத் தெற்கே, கடலை ஒட்டி அந்தக் கட்டடம் நின்றது. கீழே நீச்சல் குளம், அதைச் சுற்றிப் பாட்டு. ஜனங்கள் சந்தோஷமாக இருப்பதற்கென்றே கட்டிய இடம். அங்கே நாங்கள் செத்தவளைக் கூப்பிடப் போயிருந்தோம்.

ஃபிளாட்டைப் பார்த்துக்கொள்ளும் ஜெகதீஷ் எங்கள் ஆதார் கார்டுகளைப் புரட்டிப் பார்த்தான். "ரெண்டு பேரும் என்ன உறவு?" என்றான்.

"தங்கச்சி" என்றாள் அக்கா.

"பேரு வேற மாதிரி இருக்கே."

"இருக்கட்டும்."

அவன் கார்டுகளைத் திருப்பிக் கொடுத்தான். கதவைத் திறந்துவிட்டு, ஏசி, கெய்சர், அடுப்பு என்று காட்டினான். கூடத்துச் சுவரில் ஒரு விதிப்பலகை. சத்தம் கூடாது, புகை கூடாது, ஆணி அடிக்கக் கூடாது. அக்கா என்னைப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். ஆணி வந்ததும், "ஒயுங்கான ஆளு" என்று தலையாட்டினாள். வாடகைக்கு விட்டே பழகியவள், அன்றுதான் பிறத்தியார் வீட்டில் வாடகைக்கு உட்கார்ந்தாள். நாற்காலியின் நுனியில்தான் உட்கார்ந்தாள்.

போகும்போது ஜெகதீஷ் தலையைச் சொறிந்தான். "மத்தியானத்துல சில நாள் காலிங்பெல் அடிக்கும்மா. போய்ப் பார்த்தா யாரும் இருக்கமாட்டாங்க. உப்புக்காத்து, வயரை அரிச்சிருது. மூணு தடவ மாத்தியாச்சு. பயந்துராதீங்க, ரேட்டிங்ல எழுதிராதீங்க."

அக்கா என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி பால்கனிக் கதவைத் தள்ளினேன். உப்பில் ஊறி மரம் பருத்துப்போயிருந்தது, தோளைக் கொடுத்துத்தான் திறக்க முடிந்தது. வெளியே கடல் வெயிலில் வெள்ளையாகக் கண்ணைக் கூசவைத்தது. பக்கத்து பால்கனியில் பெண்பிள்ளைகள் சிரித்துக்கொண்டே படம் எடுத்தார்கள். வீட்டுக்குள் எதைத் தொட்டாலும் ஈரமாக இருந்தது. துண்டு, மெத்தை, சோபா, சுவர், எல்லாம்.

உச்சிவேளை நெருங்கியதும் அக்கா ஆரம்பித்தாள். கடலில் மொண்டுவந்த தண்ணீர்ச் சொம்புக்கு மஞ்சள் தடவி, வேப்பிலை செருகி, பூச் சுற்றினாள். முன்னால் மஞ்சள் புடவை, அதன்மேல் நான் தைத்த ரவிக்கை. கற்பூரத்தை ஏற்றினால் புகை எச்சரிக்கை மணி அடிக்குமோ என்று எனக்குப் பயம், அதனால் வெறும் அகல் விளக்கு. நான் தள்ளிச் சமையலறை வாசலில் நின்றுகொண்டு, எனக்குத் தெரிந்த துவாக்களை எல்லாம் ஓதிக்கொண்டேன்.

"சுதா. எம்மா சுதா. அம்மா வந்துகீறேன்டி. வாம்மா."

முதலில் மெதுவாகக் கூப்பிட்டாள். பிறகு பள்ளிக்கூடம் விட்டு வருகிற பிள்ளையைத் தெருவில் நின்று கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிட்டாள். பிறகு அதட்டினாள், பிறகு கெஞ்சினாள். அவள் கெஞ்சி நான் கேட்டதே இல்லை. கீழே நீச்சல் குளத்தில் குத்துப்பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. தொண்டை கட்டிப்போய் வெறும் காற்றுதான் வந்தது, அப்போதும் அவள் நிறுத்தவில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. போதும் எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தேன்.

காலிங்பெல் அடித்தது.

உப்புக்காற்று, வயர், என்று எனக்குள் சொல்லிக்கொண்டே போய்க் கதவைத் திறந்தேன். நீளமான நடைபாதை, இரண்டு பக்கமும் சாத்திய கதவுகள். ஒருவரும் இல்லை. யாராவது உள்ளே வருவதற்கு நாம் ஒதுங்குவோம் இல்லையா, அந்த மாதிரி என் உடம்பு தானாக ஒதுங்கியது. ஏன் ஒதுங்கினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"ஷம்மு, டீ போடேன்."

குரல் எனக்குப் பின்னாலிருந்து வந்தது. அக்காவின் கட்டிப்போன குரல்தான். ஆனால் ஷம்மு என்று என்னை இந்த உலகத்தில் ஒரே ஒருத்திதான் கூப்பிட்டிருக்கிறாள். காலேஜ் விட்டு வந்து, கடைத் திரைக்குப் பின்னால் காலை மடக்கி உட்கார்ந்து, அம்மாவுக்குத் தெரியாமல் நிர்மலோடு பேசிக்கொண்டே டீ கேட்பாள். மற்றவர்கள் எதிரில் நான் அவளுக்கு ஷம்ஷாத் அக்கா. வேம்புலியக்கா மாடியிலிருந்து இறங்கும் சத்தம் கேட்டாலே அந்தப் பெயர் மறைந்துவிடும்.

திரும்பினேன். வேம்புலியக்கா, அந்த முழங்கால் வலிக்காரி, சோபாவில் காலை மடக்கிச் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். கொண்டை அவிழ்ந்து கிடந்தது. விரலால் முடிநுனியைச் சுற்றிக்கொண்டிருந்தாள். ஓடிவிடலாமா என்று ஒரு கணம் கதவைப் பார்த்தேன். சொல்வதற்கு வெட்கமில்லை, அவ்வளவு பயந்தேன்.

"யாரு?" என்றேன். பம்பைக்காரர் சொன்ன முதல் கேள்வி.

"என்ன ஷம்மு, தெரியாத மாதிரி கேக்கற." ரவிக்கையை எடுத்து விரித்துப் பார்த்தாள். "கை இன்னும் கொஞ்சம் பிடிச்சிருக்கலாம். எப்பவும் லூசாத்தான் தைக்கற."

"இன்னா கொறை உனக்கு?"

அவள் கூடத்தைச் சுற்றிப் பார்த்தாள். படுக்கையறைப் பக்கம் பார்த்தாள், பால்கனியைப் பார்த்தாள், மறுபடி என்னைப் பார்த்தாள்.

"அம்மா எங்க?"

நான் என்ன சொல்வேன், நீங்களே சொல்லுங்கள்.

"அம்மா கூப்பிட்டது கேட்டுச்சே. அதான் வந்தேன். எங்க அவங்க?" அக்காவின் கண்கள் அக்காவைத் தேடின. "வாசப்படிய மிதிக்காதன்னு அவங்கதான் சொன்னாங்க. அவங்களேதான் வான்னு சொல்லணும். நீ சொல்லி நான் எப்படி வர்றது?"

"இங்கதான்..." என்று இழுத்தேன். அவள் கொஞ்ச நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள், அம்மா வெளியே போயிருக்கிறாள், இதோ வந்துவிடுவாள் என்பதுபோல. அப்புறம் அப்படியே சரிந்தாள்.

முகத்தில் தண்ணீர் தெளித்து உட்காரவைத்தேன். அக்கா கண்ணைத் திறந்து முதலில் கேட்டது, "வந்தாளா?" என்றுதான்.

ஆம் என்று மட்டும் சொல்லி முடித்திருக்கலாம். என்னால் முடியவில்லை. நடந்ததைச் சொன்னேன். ஷம்முவைச் சொன்னேன், ரவிக்கைக் கையைச் சொன்னேன். அக்கா சிரித்தாள், அழுதாள், என் கையைப் பிடித்துக்கொண்டாள். அம்மா எங்கே என்று கேட்டதைச் சொன்னதும் அவள் கை விட்டுப்போனது.

"நான் இங்கதானேடி இருந்தேன்."

"நீ இல்லக்கா. நீ இருந்த எடத்துலதான் அவ இருந்தா."

இத்தனை வருடத்தில் குடும்பத்தில் யார் யார் மேலோ இறங்கியிருக்கிறார்கள், அக்கா மேல் ஒருத்தரும் இறங்கியதில்லை. நின்று கேள்வி கேட்கிறவள் அவள்தான். இப்போது மகள் வந்தால் தாய் இல்லை, தாய் இருந்தால் மகள் இல்லை. அவள் நெஞ்சில் அடித்துக்கொண்டு, "என் வாயால சொன்னத நான் எப்டிடி திருப்பி வாங்குவேன்" என்று கேட்டாள்.

சாயங்காலம் டீ குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் எனக்கு அந்த யோசனை வந்தது. என் தங்கச்சி இஃபத் மஸ்கட்டிலிருந்து செல்போனில் பேசிப் பதிந்து அனுப்புவாள், நான் வேலை முடிந்து ஆற அமரக் கேட்பேன். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை.

"அக்கா, சொல்ல வேண்டியத இதுல சொல்லு. நாளைக்கு அவ வந்தா நான் போட்டுக் காட்றேன்."

அவள் செல்போனை ஏதோ தேளைப் பார்ப்பதுபோல் பார்த்தாள். முதல் தடவை பேசியபோது குடித்தனக்காரரை மிரட்டுகிற மாதிரி இருந்தது. அழித்தேன். அடுத்த தடவை அழுகைதான் வந்தது. அதையும் அழித்தேன். பிறகு போனைப் பிடுங்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். என்ன பேசினாள் என்று நான் கேட்கவில்லை.

மறுநாள் உச்சிவேளையில் மறுபடி அதே சொம்பு, அதே விளக்கு. இந்தத் தடவை அவள் அதிகம் கூப்பிடக்கூட இல்லை. மணி அடித்தது. நான் கதவைத் திறந்து, ஒதுங்கி நின்று, சாத்தினேன். திரும்பியபோது அவள் சோபாவில் காலை மடக்கியிருந்தாள்.

"அம்மா வந்துட்டாங்களா?"

நான் போனை எடுத்து அழுத்தினேன். முதலில் அலைச் சத்தம். பிறகு அக்காவின் குரல்.

"சுதா. நான்தாம்மா. அன்னிக்கு சொன்னது கோவத்துல சொன்னது. மறுநாளே கூப்டணும்னு இருந்தேன். காத்தால கூப்டலாம், சாங்காலம் கூப்டலாம்னு இருந்தேன். அதுக்குள்ள நீ போய்ட்ட. உன்ன தெருவுல போட்டுவெச்சேன். அந்த வாசப்படில நான் தெனம் தண்ணி தெளிக்கறேன், கோலம் போடறேன், ஒவ்வொரு நாளும் எனக்கு அது தெரியும். வாடி. உன் ஊடுடி அது. அம்மா கூப்புடறேன், வா."

போனிலும் அதே குரல், எதிரில் உட்கார்ந்திருந்தவளுக்கும் அதே குரல். அவள் போனை என்னிடமிருந்து வாங்கிக் கன்னத்தோடு வைத்துக்கொண்டாள். முடிந்ததும் இன்னொரு தடவை போடச் சொன்னாள். போட்டேன். பிறகு இன்னொரு போனில், அதாவது அக்காவின் போனில், அவள் சொல்லப்போவதைப் பதிய வைத்துக்கொண்டேன்.

"வர்றியா சுதா?" என்றேன். மூன்றாவது கேள்வி.

அவள் சொம்பைப் பார்த்தாள். "இதுல வரமாட்டேன்."

"ஏன்?"

"என்னை மட்டும்தான் கூப்பிடறாங்க. அன்னிக்கு ரெண்டு பேரையும்தான் வரக்கூடாதுன்னு சொன்னாங்க. நிர்மல் தெருமுனையில நின்னுட்டிருந்தாரு ஷம்மு, யாருமே உள்ள விடல. அவரை விட்டுட்டு நான் எப்படி உள்ள போறது? நிர்மல் வந்தா நிர்மலோட வர்றேன். அம்மாகிட்ட சொல்லிடு."

அக்கா எழுந்ததும் போட்டுக் காட்டினேன். முழுவதும் கேட்டாள். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

"இது நான் பேசறது" என்றாள்.

"கொரலு உன்னுதுதான்."

"அவன் பேர நான் சொன்னேனா?"

"மூணு தடவ சொன்ன."

அவள் எழுந்து விளக்கை அணைத்தாள். சொம்பை எடுத்துக்கொண்டு கீழே போய், குட்டைப் பாவாடைகளுக்கும் கலர் குடைகளுக்கும் நடுவே நடந்து, தண்ணீரைக் கடலிலேயே கொட்டினாள். வெறும் சொம்போடு ஊர் திரும்பினோம். மஞ்சள் புடவை பையில் ஈரமாகவே இருந்தது, வீட்டில் வந்து காயப்போட்டும் அதன் உப்புவாடை போகவில்லை.

பிறகு அவள் என் கடைப்பக்கமே வரவில்லை. மோட்டார் நெடுநேரம் ஓடித் தொட்டி வழிந்தும் கேட்க வரவில்லை. மாடியில் அவள் நடக்கிற சத்தம் மட்டும் கேட்கும், சில சமயம் அந்தப் பதிவும் கேட்கும். அவள் குரலே அவளிடம் நிர்மல் நிர்மல் என்று சொல்லிக்கொண்டிருக்கும். மிஷினை நிறுத்திவிட்டு நான் மேலே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அது அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டதா, மகள் சொன்னதா என்று என்னைக் கேட்பீர்கள். ஷம்மு என்ற பெயர் அவளுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் உங்களைக் கேட்பேன்.

பந்தக்கால் நடுகிற நாள் நெருங்கியபோது ஒரு காலை கடைக்குள் வந்து நின்றாள். கண்ணெல்லாம் உள்ளே போயிருந்தது. "நம்பர போடு" என்றாள். யார் நம்பர் என்று நான் கேட்கவில்லை. போட்டுக் கொடுத்தேன்.

அவன் எடுத்தான். அக்கா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நிர்மல்" என்றாள். விழித்துக்கொண்டிருக்கும்போது அதைச் சொல்ல அவளுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று நான் பார்த்தேன். "வெள்ளிக்கெழம காத்தால ஊட்டுக்கு வா. தமிழுக்குப் பந்தக்கால் நடறோம்."

வெள்ளிக்கிழமை காலை சொந்தமெல்லாம் கூடியிருந்தது. மூங்கில் கழிக்கு மஞ்சள் பூசிச் சாய்த்துவைத்து, சுதா வராமல் எப்படி நடுவது என்று பெரியவர்கள் முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள். நிர்மல் பைக்கைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு நடந்து வந்தான். இளைத்துப்போயிருந்தான். கேட்டுக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு, வாசற்படிக்கு முன்னால் வந்து நின்றான். அதற்குமேல் அவனுக்குக் கால் வரவில்லை. கூட்டத்தில் யாரோ ஒரு சித்தப்பா வேகமாக எழுந்தார், அக்கா திரும்பிப் பார்த்த பார்வையில் அப்படியே உட்கார்ந்தார்.

அக்கா ஆரத்தித் தட்டோடு வெளியே வந்தாள். சுதாவின் மஞ்சள் புடவையும் ரவிக்கையும் அவள் தோளில் கிடந்தன. வாசற்படிக்கு உள்பக்கம் நின்று அவனை மேலும் கீழும் பார்த்தாள். அவன் அழுதுகொண்டிருந்தான். அவள் அழவில்லை. தட்டைத் தூக்கியவள், சுற்றாமல் நிறுத்தினாள்.

"கொஞ்சம் தள்ளி நில்லுங்க மாப்ளே" என்றாள். "அவளுக்கு எடம் வுடுங்க."

நிர்மல் ஒரு ஆள் நிற்கிற அளவுக்கு நகர்ந்து நின்றான்.